பிள்ளை கீறிய சண்டைப் படம்



சென்ற இதழில் நுண்கடன் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன். இந்த மாதம் எங்கள் வீட்டுக்குள் நடந்த ஒரு விடயத்தை எழுத வேண்டியிருக்கிறது. எழுதலாமா, விடலாமா என்று பல நாள் யோசித்தேன். பிறகு தங்கையிடமும் பிள்ளையிடமும் அம்மாவிடமும் கேட்டேன். மூவரும் ஓம் என்ற பிறகுதான் பேனையை எடுத்தேன்.

அரியாலையில் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள். அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. நான் தையல் மெசினோடு சீவிப்பவள். தங்கை வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தவள். 2009 இல் கணவனை இழந்து, வயிற்றில் பிள்ளையோடு வெளியே வந்தாள். அந்தப் பிள்ளை அதே வருடம் செட்டிகுளம் முகாமில் பிறந்தாள். என் பெறாமகளான அவளைப் பற்றித்தான் இந்தக் கதை. சண்டையை அவள் கண்டதில்லை. வீட்டில் அதைப் பற்றி நாங்கள் கதைப்பதும் இல்லை.

2025 ஆம் ஆண்டு ஆடி மாதம், சித்திரப் பாடத்துக்கு ‘கற்பனை உலகம்’ என்ற தலைப்பில் ஒரு படம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்களாம். நல்ல படங்களைக் காட்சிக்கு வைப்பதாகவும் சொன்னார்களாம். பிள்ளை மூன்று இரவு முழித்திருந்து டிமைத் தாளில் கீறினாள். என் தையல் மேசையின் மறுகரையில் இருந்துதான் கீறினாள். ஆனாலும் நான் எட்டிப் பார்க்கவில்லை. கலியாண வீட்டுச் சாறிச் சட்டைகள் குவிந்து கிடந்தன. பிள்ளை ஏதோ செய்கிறாள், கைத்தொலைபேசியை நோண்டாமல் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

நான்காம் நாள் படம் சுருட்டியபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. “கெட்டித்தனமாய்க் கீறியிருக்கிறாய் பிள்ளை. ஆனால் இதை இங்கை மாட்ட வேண்டாம். வீட்டை கொண்டுபோ” என்று ஆசிரியை சொன்னாவாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கை தாளை விரித்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

அது ஒரு போர்க்களம். வெள்ளை வெளேரென்ற தரை. இடப்பக்கம் ஒரு படை, அதற்கு நீலக் கொடி. கொடியில் பொன் நிறத்தில் சிங்கம். வலப்பக்கம் இன்னொரு படை, அதற்குச் சிவப்புக் கொடி. பச்சைத் தோலும் வெளியே நீட்டிய பல்லுமாகச் சிலர், கொம்பு வைத்த மாட்டுத் தலையோடு சிலர். இடப்படைக்கு முன்னால், நீண்ட காதும் நீலத் தலைமயிருமாக ஒரு பெண். அவள் ஏறியிருப்பது வரி வரியாகக் கோடு போட்ட பெரிய மிருகம். இரண்டு கோரைப்பல்லும் வாள் போலக் கீழே இறங்கியிருக்கின்றன. தரையில் சிலர் விழுந்து கிடக்கிறார்கள். எல்லாருக்கும் பின்னால், தூரத்தில், வரிசையாகப் பனைமரங்கள்.

“புலி கீறியிருக்கிறாளக்கா. சிங்கக் கொடிக்குப் பக்கத்திலை புலியைக் கீறியிருக்கிறாள். ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?” என்றாள் தங்கை.

“அது புலி இல்லையம்மா. அது அந்தப் பொம்பிளையின்ர வாகனம்.”

“வாகனமோ? வரி போட்டிருக்கு!”

“ஐயப்பனும் புலியிலைதானே இருக்கிறார். சாமி அறையிலை கலண்டர் தொங்குது. அதை நீங்கள் கழட்டேல்லையே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது பிழை. தங்கை எழும்பி, என் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பெண்ணையும் அவள் ஏறியிருந்த மிருகத்தையும் சுற்றி வெட்டி எடுத்துவிட்டாள். ஒரு கணத்தில் செய்துவிட்டாள். பிள்ளை கத்தவில்லை, அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சகோதரிகளே, என் தங்கையைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு படத்துக்காக, ஒரு பழைய அல்பத்துக்காக விசாரிக்கப்பட்டவர்களை அவளுக்குத் தெரியும். வெளியே வருகிற வழியில் தன் கலியாணப் படங்களையே கிழித்துப் போட்டுவிட்டு வந்தவள் அவள். படத்தில் நின்றவர்களில் எவரைப் பற்றி எந்த இடத்தில் கேட்பார்களோ என்ற பயம். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அந்தப் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை. பதினாறு வருடம் கழித்து, மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது, கை தானாகப் போயிற்று.

அன்று இரவு நான் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். சண்டைப் படம் கீறாதே என்று சொல்லவில்லை. கீறு என்றும் சொல்லவில்லை. 1990களில் நான் முன்பள்ளி ஒன்றில் உதவிக்கு நின்றேன். அந்த நாளையப் பிள்ளைகள் வேறு என்ன கீறும்? பொம்மர், கெலி, சகடை, ஓடுகிற ஆட்கள், பங்கர். ‘வடிவாய் இருக்கு’ என்று சொல்லித் தட்டிக் கழிக்கவோ, ‘பூ கீறு’ என்று தாளை மாற்றவோ கூடாது என்று எங்களுக்கு அப்போது சொல்லித் தந்தார்கள். “இதிலை நீ எங்கை நிக்கிறாய்?” என்று கேட்கச் சொன்னார்கள். அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. கேட்டேன்.

“மூண்டு இடத்திலை நிக்கிறன் பெரியம்மா. ஒண்டை அம்மா வெட்டிப் போட்டா. மற்ற இரண்டும் இருக்கு.”

அதன் பிறகு இரண்டு மணித்தியாலம் அவள் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கனடாவில் இருக்கிற எங்கள் பெரியம்மாவின் பேரன் பழைய மடிக்கணினி ஒன்றை அனுப்பியிருந்தான். படிப்புக்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதில் அவன் ஒரு விளையாட்டையும் ஏற்றித் தந்திருக்கிறான். பெயர் ‘வேர்ள்ட் ஒவ் வோர்க்ராஃப்ட்’. 2004 கார்த்திகையில் அமெரிக்காவில் பிளிஸார்ட் என்ற நிறுவனம் வெளியிட்டது. இணையத்தின் வழியே உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நுழைந்து விளையாடும் கற்பனை உலகம் அது. 2010 இல் அதற்குச் சந்தா கட்டியவர்கள் 1 கோடி 20 இலட்சம் பேர். மாதச் சந்தா 15 டொலர் அளவில். அதைப் பேரன் அங்கிருந்து கட்டுகிறான். ரொறன்ரோவில் காலை, அரியாலையில் மாலை. இரண்டு பேரும் ஒரே காட்டில் நடந்து திரிகிறார்களாம். எங்களுக்கு அவன் முகம் வட்ஸ்அப்பில் மட்டும்தான் தெரியும்.

அந்த உலகத்துக்கு அசெரோத் என்று பெயர். அங்கே இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று அலையன்ஸ், மற்றது ஹோர்ட். சேருகிறவர் முதலிலேயே ஒரு குலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். குலம் தெரிந்தால் அநேகமாகக் கட்சியும் தெரிந்துவிடும். அலையன்சின் கொடி நீலம், அதில் பொன் சிங்கம். பிள்ளை தெரிந்தெடுத்தது நைட் எல்ஃப் என்ற இரவுக் குலம். காட்டில் வாழ்கிறவர்கள், நீண்ட காதுக்காரர். அவர்கள் ஏறித் திரிவது வரிப்புலி போன்ற, வாள்பல் வைத்த பெரும் பூனைகளில். அதாவது, சகோதரிகளே, அந்த உலகத்தில் புலியில் வருகிறவர்கள் சிங்கக் கொடிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து இதைச் செய்தவர்கள் எங்கள் நாட்டை நினைத்துச் செய்திருக்கமாட்டார்கள். பிள்ளையும் நினைக்கவில்லை. “விளையாட்டிலை அப்பிடித்தான் இருக்கு, நான் என்ன செய்ய?” என்றாள். தங்கை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போர்க்களத்தில் யார் எங்கே நிற்பது என்பதற்கும் அங்கே ஒழுங்கு இருக்கிறது. முன்னுக்கு நின்று அடியைத் தன் மேல் வாங்குகிறவர் ஒருவர். அடிக்கிறவர்கள் பலர். பின்னுக்கு நின்று காயம் ஆற்றுகிறவர் இன்னொருவர். காயம் ஆற்றுகிறவர் அடிபட்டு விழுந்தால் மற்றவர்கள் அதிக நேரம் தாங்கமாட்டார்கள். ஆகையால் எதிரி முதலில் தேடுவது அவரைத்தான். எங்கள் பிள்ளை அந்த வேலைக்காரி. ஆயுதத்தால் அடிப்பது அவளுக்குப் பெரிதாக வராதாம். “அப்ப ஏன் பிள்ளை படத்திலை முன்னுக்கு நிக்கிறாய்?” என்று கேட்டேன். “படத்திலை பின்னுக்கு நிண்டால் சின்னனாய்த்தானே கீற வேணும் பெரியம்மா. முகம் தெரியாது” என்றாள். கிட்ட இருப்பது பெரிது, தூர இருப்பது சின்னது என்பது சித்திரப் பாடத்தில் படித்தது.

இரண்டு கட்சிகளைப் பற்றி அவள் சொன்ன ஒரு விடயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு கட்சிக்காரர் பேசினால் மற்றக் கட்சிக்காரருக்கு அது விளங்காது. அவர் நல்ல ஆங்கிலத்தில் ‘வணக்கம்’ என்று அடித்தாலும், எதிர்ப்பக்கத்துக்காரரின் திரையில் அர்த்தமில்லாத எழுத்துகளாகத்தான் விழும். வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கையசைத்தால் தெரியும். குனிந்து வணங்கினால் தெரியும். அழுதாலும் தெரியும். ஒருநாள் பேரன் இல்லாத நேரம், காட்டில் தனியாகப் போகையில் மற்றக் கட்சிக்காரன் ஒருவன் எதிரே வந்தானாம், இவளை விடப் பலசாலி. அடிக்கப் போகிறான் என்று நின்றிருக்கிறாள். அவன் கையசைத்தான். இவளும் கையசைத்தாள். இரண்டு பேரும் குனிந்து வணங்கிவிட்டுத் தங்கள் தங்கள் வழியில் போனார்கள். அவன் எந்த நாட்டுக்காரன் என்று கூட அவளுக்குத் தெரியாது. 1996 க்குப் பிறகு எத்தனை சோதனைச்சாவடிகளில், மொழி தெரியாமல் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நாங்கள் நின்றிருப்போம்! அங்கே எங்களுக்கும் கைதான் பேசியது. 2022 இல் விளையாட்டுக்காரர்கள் அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்களாம். இரண்டு கட்சிக்காரரும் ஒரே குழுவாகச் சேர்ந்து சில சண்டைகளுக்குப் போகலாம் என்று. பதினெட்டு வருடம் பிடித்திருக்கிறது, ஒரு விளையாட்டுக்கே.

சரி, மற்ற இரண்டு இடத்துக்கும் வருகிறேன்.

படத்தின் நடுவில் விழுந்து கிடக்கிறவர்களில் ஒருத்திக்கு நீண்ட காது, நீலத் தலைமயிர். “அதுவும் நான்தான். அடிபட்டுச் செத்துப் போனன்.” எங்கள் கோயில் சுவர்களில் கீறிய கதைகளில் ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு மூன்று தரம் வருவதில்லையா? அப்படித்தான் இவளும் கீறியிருக்கிறாள். பிறகு படத்தின் வலது மூலையில், பனைகளுக்கும் களத்துக்கும் நடுவில், ஒரு சின்ன வெளிச்சம். நான் அதை நட்சத்திரம் என்று நினைத்திருந்தேன். “அது என்ர உயிர்” என்றாள்.

அந்த விளையாட்டில் இறந்தவர் உடனே அழிந்துவிடுவதில்லை. அவரது ஆவி, கிட்ட இருக்கிற மயானத்தில் எழும்பி நிற்கும். அங்கே சிறகு வைத்த ஒரு பெண் தெய்வம் போல நிற்பாள். அவளிடம் கேட்டால் அங்கேயே உயிர் தருவாள், ஆனால் அதற்கு நட்டம் உண்டு. அல்லது ஆவி தன் உடல் விழுந்த இடத்தைத் தேடி ஓட வேண்டும். ஓடுகிற நேரம் உலகம் நிறமில்லாமல் சாம்பலாகத் தெரியும். உடலுக்குக் கிட்டப் போனால் திரும்ப எழும்பலாம். மற்றக் குலங்களுக்கு ஆவி மனித உருவில் ஓடும். இரவுக் குலத்தாருக்கு மட்டும் அது ஒரு சின்ன ஒளியாக மாறிப் பறக்கும். எங்கள் ஆச்சிமார் கொள்ளிவாய்ப் பேய் என்று சொல்வார்களே, அதே மாதிரி. காயம் ஆற்றுகிறவர்களுக்கு இன்னொரு வரமும் உண்டு. சண்டை ஓய்ந்த பிறகு, இறந்த தோழரின் உடல் கிடக்கும் இடத்துக்குப் போய் அவரை எழுப்பலாம். எழும்ப அவர் சம்மதிக்க வேண்டும்.

இதை அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள், பஸ் எந்தப் பாதையால் போகும் என்று சொல்வது போல. எனக்குத்தான் வாய் அடைத்துவிட்டது. ஏன் அடைத்தது என்று அரியாலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்து அதிக தூரம் இல்லை, சித்துப்பாத்தி இந்து மயானம். செம்மணி வெளியின் ஓரம். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் இந்தக் கண்டி வீதியால்தான் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. 1996 இல் திரும்பி வந்தோம். அந்த வருடம் பலர் காணாமற் போனார்கள். அவர்களில் எங்கள் தம்பியும் ஒருவன். சங்கக்கடைக்கு என்று சைக்கிளில் போனவன். மறித்து வைத்திருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1998 இல் நீதிமன்றத்தில் ஒரு குற்றவாளி, செம்மணியில் நூற்றுக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டதாகச் சொன்ன பிறகு, 1999 இல் தோண்டி 15 பேருடைய எச்சங்களை எடுத்தார்கள். பிறகு நீண்ட காலம் ஒன்றும் இல்லை. 2025 மாசியில், மயானத்தில் கட்டட வேலைக்குக் கிடங்கு வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் தோண்டினார்கள். அந்த வருடப் புரட்டாதிக்குள் 200 இற்கு மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு சின்னப் பிள்ளையோடு நீல நிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் வந்தன.

பிள்ளை படம் கீறிய அந்த மூன்று இரவும், பகலில் அங்கே தோண்டல் நடந்துகொண்டிருந்தது. அவள் பஸ்ஸில் அந்தப் பக்கத்தால்தான் போய் வருகிறாள்.

“செம்மணியை நினைச்சோ பிள்ளை இதைக் கீறினாய்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ தெரியாது.

“இல்லைப் பெரியம்மா. இது நோர்த்ரென்ட். அந்த உலகத்திலை வடக்கிலை இருக்கிற பனி நிலம். நான் பனி கண்டதில்லை. அதுதான், கோடையிலை செம்மணி வெளியிலை உப்புப் பூத்துக் கிடக்கிற மாதிரிக் கீறினன். அவையின்ர மரமும் கீற வரேல்லை. பனை வைச்சன்.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று நான் தோண்டவில்லை. படத்தைப் பார்த்து மனத்தைப் படித்துவிட்டோம் என்று நினைக்கும் ஆசை எங்களைப் போன்றவர்களுக்கு வரத்தான் செய்யும். அதை அடக்கிக்கொண்டேன்.

போர்க் காலத்துப் பிள்ளைகளின் படங்களை உலகம் பல இடங்களில் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இடம்பெயர்ந்த பிள்ளைகள் கீறிய 60 படங்களை 1938 இல் ஒரு புத்தகமாகவே போட்டார்கள். பலவற்றில் குண்டு போடும் விமானங்கள். அவற்றைப் பார்த்தால் எங்கள் முன்பள்ளிச் சுவர் என்றே நினைப்பீர்கள். 2007 இல் சாட் நாட்டு அகதி முகாம்களில் டார்பூர்ப் பிள்ளைகள் கீறிய 500 படங்கள், ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொடுக்கப்பட்டன. எரியும் குடிசை, துப்பாக்கிக்காரர், கெலி. அவற்றைத் துணைச் சான்றாக அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் படம் பிள்ளைக்காகச் சாட்சி சொல்லும் இடமும் உலகத்தில் இருக்கிறது என்று நான் தங்கைக்குச் சொன்னேன். “அது அங்கை” என்றாள் அவள்.

இங்கேயும் இல்லாமல் இல்லை. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருந்து கீறினார்கள், களிமண் பிசைந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டு அவர்கள் இழந்த வீடுகளை ஞாபகத்தில் இருந்தே கீறுவித்து, 2011 இல் ஒரு நூலாக்கினார். அவர்கள் வளர்ந்தவர்கள், அநேகமானோர் பாடசாலைக்குப் பிறகு பென்சில் பிடித்துப் படம் கீறியிராதவர்கள். கிணறு எந்த மூலை, வேம்பு எந்தப் பக்கம் என்று கை கண்டுபிடித்துவிடும்.

ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை ஒரே காட்சியை மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்பக் கீறினால், கூடவே நித்திரை குழம்பினால், சாப்பாடு இறங்காவிட்டால், அது வேறு. அதற்கு உதவி தேடுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளைக்கு அப்படி இல்லை. அவளுக்கு இருந்த ஒரே கரைச்சல், கை கீற வரவில்லை என்பதுதான். எல்லாருடைய கையையும் கேடயத்துக்குப் பின்னால் மறைத்திருக்கிறாள். இரத்தம் ஏன் இல்லை என்று கேட்டேன். சிவப்பு பிளாட்டிக்னம் பேனை கொடியோடு முடிந்துவிட்டதாம். விளையாட்டுக்கு நேரமும் வைத்தோம், பாடம் முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம். தெரியாதவருக்குப் படமோ விலாசமோ கொடுப்பதில்லை என்றும் சொல்லி வைத்தோம். அதை அவள் எங்களுக்கு முதலே அறிந்திருந்தாள்.

அடுத்த நாள் விடிய நான் எழும்பியபோது தங்கை என் மேசையில் இருந்தாள். வெட்டி எடுத்த துண்டை அவள் எறியவில்லை, சட்டைக்குள் வைத்திருந்திருக்கிறாள். டிமைத் தாளைக் குப்புறப் போட்டு, துண்டை ஓட்டையில் பொருத்தி, பின்பக்கம் மெல்லிய வொயில் துணி வைத்துப் பசை பூசிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முன்பக்கம் பார்த்தால் புலியைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரியும். அதை மறைக்கப் பிள்ளை பிறகு ஒரு மஞ்சள் ஒளிவட்டம் போட்டாள். இப்போது அது முந்தியதை விட ஐயப்பன் போலத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் படத்தைக் காட்டுவதா என்று நாங்கள் தயங்கினோம். அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். பச்சைத் தோல்காரரையும் மாட்டுத் தலைக்காரரையும் பார்த்துவிட்டு, “இது சூரன்போர்” என்றார். கந்தசட்டியில் சூரனுக்கு ஆனைத் தலை, சிங்கத் தலை என்று கழற்றி மாட்டுவதைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. சூரனும் சாவதில்லை, மாமரமாகிறான், சேவலும் மயிலுமாகிறான். பிள்ளை அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பற்றியும் அவருக்குச் சொன்னாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, புதைகுழியில் எடுத்த உடுப்புகளையும் பொருள்களையும் அடையாளம் காட்டுவதற்காகச் செம்மணியில் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தார்கள். அம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். வெயில். வரிசை. தங்கை ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். அம்மா ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், குனிந்து பார்த்தார். எங்கள் பிள்ளையுடையது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இல்லாதது ஆறுதலா, மற்றதா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, கால் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, அம்மா பேத்தியைக் கூப்பிட்டார்.

“அந்தப் படத்தைக் கொண்டுவா பிள்ளை.”

கொண்டுவந்து விரித்தாள். அம்மா விரலால் மூலையைத் தொட்டார்.

“இது தன்ர உடம்பைக் கண்டுபிடிச்சதோ?”

“ஓம் அம்மம்மா. வரைபடத்திலை இடம் காட்டும். அந்தப் பக்கம் ஓடினால் சரி.”

“ஆர் காட்டுறது?”

“கேம்தான் காட்டும்.”

அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதிலை ஒரு சைக்கிள் கீறுவியோ?” என்று கேட்டார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பென்சிலை எடுத்துவந்து, பனை வரிசைக்கு இந்தப் பக்கம், உப்பு வெள்ளையில், இரண்டு வட்டம் போட்டாள். என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை, லுமாலா என்றார் அம்மா. மணி இருந்ததா? இருந்தது, ஆனால் அடிக்காது. கரியரில் என்ன? ஒரு சாக்கை நாலாய் மடித்துக் கட்டியிருந்தான், மாவு வாங்கிக்கொண்டு வர. இடது பெடல் உடைந்து கம்பி மட்டும்தான் இருந்தது. அம்மா சொல்லச் சொல்ல அவள் கீறிக்கொண்டே போனாள். அந்தச் சாக்குக் கதை இருபத்தொன்பது வருடமாக எனக்கும் தங்கைக்கும் தெரியாது.